மீட்டரில் எரிந்த முருகன்

தொடாதீங்க! மூடியைத் தொடாதீங்க டீச்சர், மூஞ்சி வெந்துடும். போன மாசம் ஒருத்தர் இதே இடத்துல நின்னு சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கழுத்துத் தோல் வாழைப்பழத் தோல் மாதிரி வந்துடுச்சு. அந்த சீட்டுல உட்காருங்க. பழைய வேன் சீட்டுதான், சேலையில ஒட்டாது. முக்கால் மணி நேரம் ஆறணும். அதுவரைக்கும் நீங்களும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன்.

சூடு காட்டுற ஊசி எங்கே நின்னது? சிவப்புலயா? சிவப்புல வச்சுக்கிட்டு எத்தனை கிலோமீட்டர் வந்தீங்க? பன்னிரண்டா!

"பக்கத்துலதானே, ஷெட்டுக்கு வந்துடலாம்னு நினைச்சேன்." எல்லாரும் இதே வசனம்தான். ஒண்ணு கேக்குறேன், கோபப்படாதீங்க. உங்க வகுப்புல ஒரு பையன் மயங்கிச் சாயுறான். இன்னும் ரெண்டு கணக்கு பாக்கி இருக்கு, முடிச்சுட்டு விழுடான்னு சொல்வீங்களா? சொல்ல மாட்டீங்க. வண்டிக்கு மட்டும் சொல்வீங்க.

இது என்ன தண்ணி? வாசனையே சொல்லுது. போர் தண்ணி. நம்ம ஊர் போர் தண்ணி பக்கெட்டுல வெள்ளையா படியுமே, தேய்ச்சாலும் போகாதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளேயும் படிஞ்சு அடைச்சிருக்கு. கூலன்ட்னு பச்சையா ஒண்ணு விக்கிறாங்க. கலர் தண்ணிக்கு எதுக்குக் காசுன்னு நீங்க கேப்பீங்க. கேட்டிருக்கீங்க, உங்க முகத்துல தெரியுது.

நான் ஒளிச்சுப் பேச மாட்டேன் டீச்சர். எனக்கு வண்டியைப் பார்த்து அருவருப்பே வராது. கரி, கிரீஸு, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள செத்துக் கிடக்குற எலி, எதுவானாலும் கையை விட்டு எடுப்பேன். வண்டி வச்சிருக்குறவங்களைப் பார்த்தாதான் குமட்டுது. வாங்கி அஞ்சு வருஷம் ஆனாலும் சீட்டு மேல இருக்குற பிளாஸ்டிக் கவரைக் கழட்ட மாட்டாங்க. வேர்த்து ஊத்தும், முதுகுல ஒட்டும், கழட்ட மாட்டாங்க. சீட்டு கெட்டுடுமாம். இன்ஜின்ல ஆயில் கரிக்குழம்பா கிடக்கும். அது கெடலாம். அது யார் கண்ணுக்கும் தெரியாதே.

இல்லை, பதினொண்ணாம் வகுப்புல பாதியில நின்னேன். ஏன்னு கேக்காதீங்க. டீச்சருங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்குறாங்க. பிடிக்கலை, நின்னுட்டேன். இப்போ பத்தொன்பது வயசு. இந்த ஷெட்டு அப்பாவோடது. வெயிலுமுத்து ஷெட்டுன்னா கோவில்பட்டியில யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அப்பா சாப்பிடப் போயிருக்கார். நீங்க திட்டு வாங்குறது என்கிட்ட மட்டும்தான், அதனால சந்தோஷப்படுங்க.

அழுத மாதிரி உட்காராதீங்க. எங்க அக்கா வீட்டுல நடந்ததைச் சொல்றேன். கேட்டா, நீங்க எவ்வளவோ தேவலைன்னு உங்களுக்கே தோணும்.

அக்காவை சங்கரன்கோவில்ல கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை பேர் மாரிராஜ், சொந்தமா தறி ஓட்டுறார். நான் அத்தான்னு கூப்பிடுவேன். அங்கே அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். கல்யாணத்துக்குக் கார் கேட்டாங்க. புது வண்டி வாங்கிக் கொடுக்க நமக்கு ஏது வசதி? ஓடின டீசல் வண்டி ஒண்ணைப் பிடிச்சோம். நானும் அப்பாவும் நாலு மாசம் உட்கார்ந்தோம். இன்ஜினை இறக்கி, புது பிஸ்டன், புது பேரிங், எல்லாம் போட்டு ஏத்தினோம். பேரிங் எல்லாம் நான் போட்டது, என் கையால. ஸ்டார்ட் பண்ணினா பூனை மாதிரி உறுமும்.

கல்யாணத்தன்னிக்கு அப்பா மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். மத்த அப்பாக்கள் பொண்ணை நல்லா பாத்துக்கோங்கன்னு சொல்வாங்க இல்லையா? எங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? "மாப்ளே, அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் மாத்திருங்க. வாரம் ஒரு நாள் காலைல கேஜைப் பாத்துருங்க." எனக்கு அன்னிக்கு எவ்வளவு பெருமையா இருந்தது!

கேஜ் எதுன்னு தெரியுமா? தெரியாது. இருங்க, உங்க வண்டியிலேயே காட்டுறேன். இதோ, மஞ்சள் வளையம் போட்ட கம்பி. காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, சமதளமா நிறுத்தி, இதை உருவணும். துடைக்கணும். திரும்ப உள்ளே விட்டு, திரும்ப உருவணும். நுனியில ரெண்டு கோடு இருக்கு பாருங்க, நடுவுல ஆயில் நிக்கணும். பல்லு விளக்குற நேரம்கூட ஆகாது. ஓடின வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். குறைஞ்சா ஊத்தணும். இவ்வளவுதான் டீச்சர் மொத்தப் படிப்பும்.

ஏழு மாசத்துல அந்த வீட்டுல ஒரு தடவைகூட பானெட்டைத் திறக்கலை. ஏன்? மாமியார்க்காரம்மா பானெட் ஓரத்துல சந்தனத்தால பெரிய ஓம் போட்டிருந்தாங்க. பாதி பானெட் மேல, பாதி முன்னாடி இருக்குற கிரில் மேல. திறந்தா ஓம் ரெண்டா பிளக்குமாம். அதனால திறக்கக் கூடாது. சந்தனம் காய்ஞ்சு உதிர்ந்தா? வெள்ளிக்கிழமை புதுசா போட்டுடுவாங்க.

இதுகூடப் பரவாயில்லை. ஆயில் குறைஞ்சா மீட்டர்ல சிவப்பா ஒரு லைட் வரும். எண்ணெய்க் கிண்ணி மாதிரி படம் போட்டிருக்கும். அது எரிஞ்சா அந்த இடத்துலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தணும், ஒரு ஃபர்லாங்குகூட ஓட்டக் கூடாது. இவங்க வண்டியில முதல்ல வளைவுல திரும்பும்போது மட்டும் மினுக்கியிருக்கு. அத்தானுக்கு அது கண்ணை உறுத்தியிருக்கு. என்ன செஞ்சார்? சுண்டுவிரல் நகம் அளவு ஒரு முருகன் ஸ்டிக்கரை எடுத்து, அந்த லைட்டுக்கு நேர் மேல, கண்ணாடியில ஒட்டிட்டார்.

சிரிக்காதீங்க. இன்னும் இருக்கு.

ஸ்டிக்கர் மெல்லிசு. லைட் எரிஞ்சா உள்ளேயிருந்து முருகன் சிவப்பா ஜொலிப்பார். முன்சீட்டுல உட்கார்ந்திருந்த மாமியார் இதைப் பார்த்துட்டு, "ஏய் மாரி, முருகன் கண்ணைத் தொறக்குறான்டா!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்களாம். வளைவுக்கு ஒரு கும்பிடு. பிரேக் பிடிச்சா ஒரு கும்பிடு. கழுகுமலைக் கோவிலுக்குன்னு ஒரு நாள் கிளம்பியிருக்காங்க. பாதி வழியிலேருந்து முருகன் அணையவே இல்லை, நிலையா எரிஞ்சிருக்கார். மலை கிட்ட வர வர அருள் கூடுதுன்னு அம்மா கண்ணீர் விட்டிருக்காங்க. மகன் ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கார். மலைக்கு மூணு கிலோமீட்டர் முன்னாடி இன்ஜின் கடகடன்னு கத்தி, இறுகி, நின்னுபோச்சு.

மறுநாள் காலைல பத்து மணிக்கு ஷெட்டு வாசல்ல ஒரு டிராக்டர் வந்து நின்னது. பின்னால கயித்துல நம்ம வண்டி. ஸ்டியரிங்ல அத்தான். பின்சீட்டுல அக்கா, மடியில ஒரு பை. டிராக்டர்ல மாமியாரும், அத்தானோட தாய்மாமனும்.

தாய்மாமன் இறங்கினதும் சொன்ன முதல் வார்த்தை: "வெயிலுமுத்து, நீ குடுத்த ரெண்டும் சரியில்லப்பா."

"எது ரெண்டு?"ன்னார் அப்பா.

"வண்டி நடுரோட்டுல நின்னுட்டு. உம் புள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா, அடுப்படியில நின்னா நின்ன இடத்துலயே நிக்கா. ரெண்டையும் சரி பண்ணி அனுப்பு. இல்லேன்னா ரெண்டையும் நீயே வச்சுக்கோ."

அப்பா முகம் கறுத்துப்போச்சு. "வண்டியில என்ன கொறை சொல்லுதீக?"ன்னார். "இந்த ஷெட்டுல இருந்து வெளிய போன ஒரு மோட்டாராவது ஏழு மாசத்துல நின்னுருக்கா? கழட்டிப் பாத்துட்டுப் பேசுவோம். கொறை என் வேலையில இருந்தா ரெண்டையும் நான் வச்சுக்கிடுதேன். உங்க மேல இருந்தா ரெண்டையும் நீங்க கூட்டிட்டுப் போவணும். சம்மதமா?"

"சம்மதம்"னார் தாய்மாமன்.

வேற மெக்கானிக் யாராவது இப்படிப் பந்தயம் கட்டுவானா? அதான் எங்கப்பா.

நான் சந்தன ஓமைப் பிளந்து பானெட்டைத் திறந்தேன். மாமியார் "அய்யோ"ன்னாங்க. கேஜை உருவினேன். காஞ்சு கிடந்தது. தாய்மாமன் மூக்குக்கு நேரா நீட்டி, "நக்கிப் பாருங்க, ஈரம் இருக்கா?"ன்னேன். "ஏலே, பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசு"ன்னு அப்பா சொன்னார். ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னார். கீழே படுத்து, இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற சம்பைக் கழட்டினேன். ஒரு டம்ளர் ஆயில்கூட இல்லை. இருந்ததும் தார். நான் போட்ட பேரிங் கறுத்து, தேஞ்சு, கிராங்கோட ஒட்டிப்போயிருந்தது. உரிச்சு எடுத்து ஒவ்வொண்ணா பேப்பர் மேல வரிசையா வச்சேன். எல்லாம் ஆயில் இல்லாம வெந்தது, பேரிங்ல கோளாறு இல்லை, யார் வேணா பார்த்துக்கலாம்.

அப்புறம் மீட்டரைப் பார்த்தேன். "இங்க யாரு முருகனை ஒட்டினது?" அத்தான் தரையைப் பார்த்தார். நான் சாவியைத் திருகினேன். முருகன் செக்கச்செவேல்னு எரிஞ்சார். மாமியார் பழக்கதோஷத்துல கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க! தாய்மாமனுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "சரிதாம்பா, தப்பு எங்க மேலதான். வண்டியைச் சரி பண்ணிக் குடு, ரெண்டையும் மாரி வந்து கூட்டிட்டுப் போவான்"னார்.

ஜெயிச்சோம். அப்பா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா, அதோ டயர் அடுக்கி வச்சிருக்கோமே, அங்கே நின்னுக்கிட்டிருந்தாள். டீயை வாங்கி, கையில வச்சுக்கிட்டே நின்னாள், ஆடை கட்டுற வரைக்கும். ஜெயிச்ச சந்தோஷம் கொஞ்சமாவது முகத்துல தெரியணுமே.

ஃபேன் சத்தம் கேக்குதா? இல்லை, உங்க வண்டி இல்லை, மேலே ஓடுற ஃபேன்தான். உங்க வண்டி இன்னும் ஆறலை. நான் சொல்லிக்கிட்டே ஹோஸ் கிளாம்ப்பைப் பார்க்குறேன், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.

அந்த இன்ஜினைச் சரி பண்ண பத்து நாள் ஆகும்னு சொன்னேன். அக்கா வீட்டுல இருந்தாள். இருந்தாள்னா, தூங்கினாள். காலைல தூக்கம், மத்தியானம் தூக்கம், ஏழு மாசமா கண்ணை மூடாதவ மாதிரி. எனக்கு வெறுப்பா இருந்தது. ஒரு நாள் எழுந்து வந்து அம்மாகிட்ட, "அம்மா, தண்ணி குடிச்சுக்கட்டா?"ன்னு கேட்டாள். பிறந்த வீட்டுல, பானைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு! "லூசாக்கா நீ?"ன்னேன். அம்மா மட்டும் அப்பாகிட்ட, "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போவட்டுமே"ன்னாங்க. "வாக்குக் குடுத்துட்டேன். வண்டியை வச்சுக்கிட்டு நாள் கடத்துனா ஷெட்டு பேர் என்னத்துக்காவும்?"ன்னார் அப்பா. நியாயம்தானே?

மத்தியானம் எனக்குச் சோறு கொண்டு வர்றது அக்காதான். நீங்க இருக்குற அதே சீட்டுலதான் உட்காருவாள். "எத்தனை நாளாகும்டா?"ன்னு கேப்பாள். "பத்து நாள்." "கூட ஆகாதா?" மறுநாளும் அதே கேள்வி. "கூட ஆகாதா?" என் வேலையைச் சந்தேகப்படுறாள்னு எனக்குக் கடுப்பாயிடுச்சு. ராவா பகலா உட்கார்ந்து எட்டே நாள்ல முடிச்சேன்.

ஆறாவது நாள் சொன்னாள். "அது லைட்டுதான்னு எனக்குத் தெரியும்டா."

"எது?"

"முருகன். இந்த ஷெட்டுல வளந்தவளுக்குத் தெரியாதா? பின்சீட்டுல இருந்து பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

எனக்கு ஸ்பேனர் கையிலேயே நின்னுபோச்சு. "பின்ன ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா வண்டி நின்னுருக்காதே."

டீச்சர், உங்களுக்குப் புரியுதா? தெரிஞ்சே. ஆயில் இல்லாம இரும்பும் இரும்பும் தேயுறதைக் காதால கேட்டுக்கிட்டே அவ்வளவு தூரமும் சும்மா உட்கார்ந்து வந்திருக்காள். நானும் அப்பாவும் நாலு மாசம் கட்டின இன்ஜினை! அதுக்கு மேல ஒண்ணு சொன்னாள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பேரிங் கோளாறுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். உன் காலைக் கழுவி இங்கேயே கிடந்திருப்பேன்."

"நான் போட்ட பேரிங் அது. பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

நான் அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவகிட்டே பேசலை. சோத்துத் தட்டைக்கூடப் பிடுங்கித்தான் வாங்கினேன். பொய் சொல்றவங்களையும் இன்ஜினைக் கொல்றவங்களையும் என்னால மன்னிக்க முடியாது. அத்தானாவது தெரியாம கொன்னார்.

வண்டியையும் அவளையும் நானேதான் கொண்டுபோய் விட்டேன். அத்தானுக்குத் தறியில வேலை, வர முடியலை. அவங்க தெருவுக்குள்ள திரும்பும்போது, "ஒரு ரவுண்டு சுத்திட்டு வாயேண்டா"ன்னாள். "டீசல் உங்கப்பனா ஊத்துறான்?"ன்னு கேட்டேன். ரெண்டு பேருக்கும் அப்பன் ஒருத்தர்தான், அது கோபத்துல தோணலை. இறங்கும்போது கதவை மெதுவா சாத்தினாள். ரப்பர் புதுசு, அப்படித்தான் சாத்தணும்.

அத்தான் திருந்திட்டார். அதைச் சொல்லியே ஆகணும். இப்போ அஞ்சாயிரத்துக்கு ஒரு தடவை டாண்ணு வந்துடுவார். கேஜ் பார்க்குறார், கூலன்ட் பார்க்குறார், டயர்ல காத்துகூடக் காலைல சூடாகுறதுக்கு முன்னாடி பிடிக்கிறார். ஸ்டிக்கரைப் பிச்சு எறிஞ்சுட்டார். எங்கப்பா வர்றவங்ககிட்ட எல்லாம், "எம் மாப்பிள்ளையைப் பாத்துக் கத்துக்கோங்க"ம்பார்.

அக்கா வரலை. முதல் சர்வீசுக்கு வந்தப்போ, வீட்டைப் பாத்துக்க ஆளில்லைன்னார். தீபாவளிக்கும் வரலை, மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம். போன் அடிச்சா அத்தான்தான் எடுக்குறார். "குளிக்கிறா"ம்பார். எப்போ அடிச்சாலும் குளிக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மூணாவது சர்வீசுக்கு வந்தார். ஆயில் மாத்தினேன், ஃபில்டர் மாத்தினேன், பிரேக் பார்த்தேன். கதவு கீலுக்கெல்லாம் கிரீஸ் வைக்கும்போது, பின்னாடி இடது கதவு உள்ளேயிருந்து திறக்கலை. வெளியிலேயிருந்து திறந்துச்சு. பார்த்தா, சைல்டு லாக் போட்டிருக்கு. குழந்தைங்க கதவைத் திறந்துடாம இருக்கப் போடுறது, கதவு ஓரத்துல விரலால தள்ளுற மாதிரி சின்னதா ஒரு நெம்பு இருக்கும். வலது கதவுல போடலை. இடது மட்டும். அக்கா உட்காருற பக்கம்.

"அத்தான், வீட்டுல குழந்தை இல்லையே, இது எதுக்கு?"ன்னேன்.

சிரிச்சார். "உங்க அக்காவுக்குத்தான்டே. வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது கதவைத் தொறந்துட்டா. நல்லவேளை, எங்கம்மா அவ சேலையைப் பிடிச்சு இழுத்துட்டாவ. அதான் ஒரு பாதுகாப்புக்கு."

அப்பா பக்கத்துலதான் நின்னார். "நல்ல காரியம் மாப்ளே"ன்னார்.

நெம்பு இறுக்கமா இருந்தது, தூசி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா டீச்சர்? துடைச்சேன். நல்லா வேலை செய்யுதான்னு ரெண்டு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் அதுக்கும் கிரீஸ் வச்சேன். என் கையால வச்சேன். "சூப்பரா இருக்கு அத்தான்"னு சொன்னேன். அவர் போயிட்டார்.

சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரீஸ் போயிடுச்சு. மறுபடியும் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமையிலேருந்து ஒரு கஸ்டமரைக்கூட விடாமத் திட்டிக்கிட்டிருக்கேன். நேத்து ஒருத்தர் வண்டியைத் திருப்பி எடுத்துட்டே போயிட்டார். உங்களைத் திட்டினதுக்கு... போர் தண்ணி ஊத்தினது தப்புதான், அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்.

அக்கா இப்போ எங்கேயா? அங்கேதான் இருக்காள். சங்கரன்கோவில்ல. வேற எங்கே போவாள்?

இருங்க, ஆறிடுச்சு. துணியைப் போட்டு மூடியைக் கால் சுத்து திருகி, மிச்ச ஆவி போன பிறகுதான் முழுசா எடுக்கணும், பார்த்துக்கோங்க. அய்ய, காப்பி மாதிரி வருது பாருங்க தண்ணி. இதைத்தான் வண்டிக்குக் குடிக்கக் கொடுத்திருக்கீங்க. ஹோஸைப் போட்டு அலசுறேன். நல்ல தண்ணி வர்ற வரைக்கும் அலசணும். கூலன்ட் ஊத்தியாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க. மிதிக்காதீங்க, சும்மா ஓடட்டும். ஃபேன் தானா போட்டு தானா நிக்கணும். போட்டுச்சா? நின்னுச்சா? ஊசி நடுவுல இருக்கா? சரி.

ஆனா நின்ன இடத்துல ஓடுனா போதாது. ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும், கொஞ்சம் நீளமா. சங்கரன்கோவில் இங்கேயிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். போயிட்டு வந்தா சரியா இருக்கும். அத்தான் இந்த நேரத்துல தறியில இருப்பார். அப்பா வர்றதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. வந்து கேட்டா கேக்கட்டும், டிரையலுக்குத்தான் போயிருக்கோம்.

நீங்களும் வாங்க டீச்சர். உங்க வண்டி, நீங்கதான் ஓட்டணும், நான் ஊசியைப் பார்த்துக்கிட்டே வர்றேன். நான் தனியா போனா அந்த மாமியார்கிட்ட வண்டியைப் பத்திதான் பேசுவேன், ஆயில் எப்படி இருக்கு, சத்தம் வருதான்னு. எனக்கு வாயில அதுதான் வரும். நீங்க கீழே இறங்கக்கூட வேண்டாம். வாசல்ல நிறுத்திட்டு, வகுப்புல பேர் கூப்பிடுவீங்களே, அந்த மாதிரி அக்காவைச் சத்தமா கூப்பிடுங்க. யாரும் குறுக்க நிக்க முடியாத மாதிரி.

பேர் சண்முகக்கனி.